இலைப் பணம்: திரை ‘தோல்வி’ என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் இலைப் பணம், அதாவது விவசாயி தேயிலை பேக்டரிக்குப் போட்ட பசுந்தேயிலைக்கு வர வேண்டிய பணம், தாமதம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூன்று குரல்கள் கேட்கும். விவசாயி ‘வரவில்லை’ என்பார். பேக்டரி ‘அனுப்பிவிட்டோம்’ என்னும். வங்கிக் கிளை ‘எங்கள் பக்கம் எதுவும் நிலுவையில் இல்லை’ என்னும். பல நேரம் மூன்றுமே உண்மைதான். கோளாறு இருப்பது நடுவில்: பேக்டரியின் கணக்கு மென்பொருளை வங்கியோடு இணைத்த இடத்தில். அந்த இணைப்பு வேலையைச் செய்கிறவர்கள் என்பதால் இதை எழுதுகிறோம். பேக்டரி உரிமையாளர்களும் கூட்டுறவுத் தொழிற்சாலைச் செயலர்களும், இந்த மென்பொருளை எழுதித்தரும் நம்மூர் இளைஞர்களும் படித்தால் போதும்.

கிளார்க் ‘பணம் அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டளை பேக்டரி கணினியிலிருந்து ஒரு சர்வருக்கும், அங்கிருந்து பேக்டரியின் வங்கிக்கும் போகிறது. பிறகு நெஃப்ட் (தொகுதி தொகுதியாகப் பணம் அனுப்பும் முறை) என்றால் ரிசர்வ் வங்கி வழியாகவும், ஐஎம்பிஎஸ் (உடனடியாக அனுப்பும் முறை) என்றால் தேசியக் கட்டணக் கழகமான என்பிசிஐ வழியாகவும் விவசாயியின் வங்கியைச் சேர்கிறது. பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஆடிக் காற்றில் மரம் விழுந்து குந்தா பக்கமோ பந்தலூர் பக்கமோ கேபிள் அறுந்தால், போன கட்டளை போனதுதான். அறுபடுவது பதில் வரும் வழி. முப்பது நொடி காத்திருந்து பார்த்துவிட்டு, பாதி மென்பொருட்கள் இதற்குத் ‘தோல்வி’ என்று சிவப்பில் எழுதிவிடுகின்றன. கிளார்க் மறுபடி அழுத்துகிறார். மென்பொருள் புதிதாக ஒரு எண் போட்டு அனுப்புகிறது. வங்கிக்கு அது வேறொரு கட்டளை. ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் போய்விடும். அதைத் திரும்பப் பெற அடுத்த இரண்டு மூன்று மாத இலைக் கணக்கில் கழிக்க வேண்டியிருக்கும். அவர் அதற்குள் வேறு பேக்டரிக்கு இலை போடத் தொடங்கிவிட்டால் அந்த வழியும் இல்லை.

இதைத் தவிர்க்க மென்பொருளில் மூன்றாவது பதில் ஒன்று வேண்டும்: ‘தெரியவில்லை’. பதில் வராதது தோல்வி ஆகாது. வங்கி வெளிப்படையாக மறுத்தால்தான் தோல்வி. எங்கள் அனுபவத்தில் ஒரு பட்டுவாடாவுக்கு ஏழு நிலைகள் போதும்: தயார், அனுப்பப்பட்டது, வங்கி ஏற்றது, சேர்ந்தது, திரும்பியது, தோல்வி, தெரியவில்லை. ‘தெரியவில்லை’ நிலையில் இருக்கும் வரிசைக்கு மறுபடி அனுப்பும் பொத்தானே திரையில் இருக்கக் கூடாது. ‘நிலை கேள்’ என்ற பொத்தான் மட்டும் இருக்கட்டும். அதையும் கிளார்க்கை நம்பி விடாமல் மென்பொருளே அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம், பிறகு மணிக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்க் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நிலை கேட்டதற்கு வங்கி ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்று சொல்லலாம். அதையும் தோல்வியாக எடுக்கக் கூடாது. கட்டளை வங்கியின் வரிசையில் காத்திருக்கும்போது கேட்டாலும் இதே பதில்தான் வரும். மறுநாள் கணக்கு அறிக்கையில் அந்த எண்ணில் பற்று விழவில்லை என்று பார்த்த பிறகே அதைத் தோல்வி என்று மூடலாம்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் நம் பக்கத்து எண் ஒன்று வேண்டும். மாதம், விவசாயி எண், தொகை வகை, முயற்சி எண் ஆகியவற்றைச் சேர்த்து அதை அமைக்கலாம். தொகை வகை எதற்கு என்றால், தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலைச் சராசரி விலைக்கு முன்பே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு தரும் பேக்டரிகள் உண்டு. ஒரே மாதக் கணக்கில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் போவது அங்கே சரிதான். வகை இல்லாவிட்டால் இரண்டாவதை மென்பொருள் நகல் என்று தடுத்துவிடும். முயற்சி எண்ணைக் கிளார்க் மாற்ற முடியக் கூடாது. முந்தைய முயற்சி ‘திரும்பியது’ அல்லது ‘தோல்வி’ என்று உறுதியானால் மட்டுமே 1 என்பது 2 ஆக வேண்டும்.

இந்த எண்ணை முதலில் நம் தரவுத்தளத்தில் எழுதிச் சேமித்த பிறகே வங்கிக்கு அனுப்ப வேண்டும். வரிசை மாறி, அனுப்பிய பிறகு எழுதினால், நடுவில் கரண்ட் போகும் நாளில் அனுப்பியதற்கான தடயமே இருக்காது. தரவுத்தளத்திலேயே அந்த எண்ணுக்கு ‘இரண்டாவது வரக்கூடாது’ என்ற கட்டுப்பாடு போடுங்கள். இரண்டு கிளார்க்குகள் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் அது காப்பாற்றும். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் வங்கி தடுக்குமா, எத்தனை நாள்வரை தடுக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா வங்கியும் ஒரே மாதிரி இல்லை. இன்னொன்று, நாம் எழுதாத மறுமுயற்சிகளும் உண்டு. இணைய அழைப்புக்கு நாம் பயன்படுத்தும், பிறர் எழுதிவைத்த சில ஆயத்த நிரல் தொகுப்புகள் (லைப்ரரி), பதில் வராவிட்டால் தாமாகவே மறுபடி அனுப்பும். பணக் கட்டளைக்கு அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

‘வங்கி ஏற்றது’ என்பதும் ‘சேர்ந்தது’ என்பதும் வேறு. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறது. சேர்ந்த கட்டளைகள் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போகும், நாளைக்கு 48 தொகுதி. நம் வங்கி ஏற்றுக்கொண்ட கட்டளை அடுத்த தொகுதியில் போகும். பெறும் வங்கியால் வரவு வைக்க முடியாவிட்டால் அந்தத் தொகுதியின் கணக்கு வங்கிகளுக்கிடையே தீர்வாகி இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே ஏபிஐ (நம் மென்பொருள் வங்கியின் மென்பொருளோடு நேரடியாகப் பேசும் வழி) தரும் ‘வெற்றி’ என்ற சொல்லைப் பார்த்த கையோடு விவசாயிக்கு ‘வரவு வைக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் அனுப்புவது அவசரம். ‘அனுப்பப்பட்டது’ என்று சொல்லுங்கள். ஐஎம்பிஎஸ் சில நொடிகளில் முடியும். ஆனால் நம் கணக்கில் பற்றாகி அங்கே வரவாகாமல் தொங்கினால் மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வரையறுத்தது. அந்த நாள் முடியும்வரை கையை வைக்காமல் இருப்பதுதான் நமக்கு நல்லது.

எந்த வழியில் அனுப்புவது என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சிறு விவசாயிகளின் மாதப் பட்டுவாடாவுக்கு நெஃப்ட் போதும். அதே வங்கியில் கணக்கு உள்ளவர்களுக்கு உள்மாற்றம். அவசர முன்பணத்துக்கு ஐஎம்பிஎஸ், ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை. ஏஜென்ட்டுகளுக்கும் உர வியாபாரிகளுக்கும் 2 லட்சத்துக்கு மேல் போனால், பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ்.

இணைப்பைவிடத் தொல்லை தருவது கணக்கு எண் பட்டியல். நெஃப்ட் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவாகிறது. பெயர் பொருந்துகிறதா என்று பெறும் வங்கி பார்ப்பதில்லை. ஒரு இலக்கம் பிசகி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குத்தான். இந்தப் பிசகு பெரும்பாலும் எக்செல்லில் பிறக்கிறது. எண்ணாக நினைத்து அது முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள கணக்கு எண்ணில் பதினாறாவது இலக்கம் முதல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) இருமுறை கிளிக் செய்து திறந்து, ஒன்றும் மாற்றாமல் சேமித்தால்கூட இது நடக்கும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துத்தான் இறக்க வேண்டும். தரவுத்தளத்திலும் கணக்கு எண் என்பது எழுத்துத் தொடர்தான். அதைக் கூட்டப் போவதில்லை, கழிக்கப் போவதில்லை, எண் வகையில் வைக்க ஒரு காரணமும் இல்லை.

வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎப்எஸ்சி குறியீடு 11 எழுத்து: முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளை. ஐந்தாவது இடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டியிருந்தால் மென்பொருளே பிடித்துவிடலாம். பழைய பட்டியல்களில் மறைந்த வங்கிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்தது. சிண்டிகேட்டின் பழைய ஐஎப்எஸ்சி 2021 ஜூலை 1 முதல் செல்லாது. கார்ப்பரேஷன், ஆந்திரா, அலகாபாத் வங்கிகளின் கதையும் இதேதான். பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதினோம் என்பது போதாது. அந்தப் பாஸ்புக் எந்த ஆண்டுடையது என்று பார்க்க வேண்டும்.

புதிய கணக்கைச் சேர்க்கும்போது ஒரு ரூபாய் ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பிப் பார்த்தால் அந்தக் கணக்கில் உள்ள பெயர் பதிலில் வரும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் வங்கி அதை ஏபிஐ வழியாகத் தருகிறதா என்று கேளுங்கள். வந்த பெயரை மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் நம் மலையில் பாதிப் பேர் தள்ளுபடி ஆவார்கள். ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) நான்கு போஜன், மூன்று நஞ்சன், இரண்டு ஹாலன் இருப்பார்கள். ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், மற்றோரிடத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இனிஷியலையும் புள்ளியையும் நீக்கி ஒப்பிட்டு, சந்தேகம் வந்தால் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தரும்படி வையுங்கள். கணக்கு எண்ணை மாற்றுபவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பட்டுவாடாவுக்கு முந்தின இரவு மாற்றிய கணக்கு எண்ணுக்கு அந்த மாதப் பணத்தை நிறுத்தி வைத்து, விவசாயியை போனில் கேட்டுவிட்டு அனுப்பலாம். உள்ளே இருப்பவர் செய்யும் திருட்டு இந்த வழியாகத்தான் நடக்கும்.

பணம் திரும்பி வரும் காரணங்களை வங்கி குறியீடாகத் தரும். அதைத் தமிழில் பெயர்த்துக் கிளார்க்குக்குக் காட்டுங்கள். கணக்கு மூடப்பட்டது, எண் இல்லை, கேஒய்சி புதுப்பிக்காததால் முடக்கம் என்பவை எல்லோரும் அறிந்தவை. பலர் கவனிக்காத ஒன்று ‘சிறு கணக்கு’ வரம்பு. முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கிய இந்தக் கணக்குகளில் ஓர் ஆண்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவாக முடியாது, எப்போதும் 50,000-க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஏப்ரல் முதல் ஒழுங்காகப் போன பணம் டிசம்பரில் திடீரென்று திரும்பினால் முதலில் இதைப் பாருங்கள். அவரைப் பேக்டரிக்கு அலையவிடாமல், ஆவணங்களோடு வங்கிக்கு அனுப்பினால் தீர்ந்துவிடும்.

கணக்கிடுவதில் ஒரு சிறு விஷயம். 312.5 கிலோ, கிலோ 18 ரூபாய் 35 காசு என்று வைத்துக்கொண்டால் 5,734 ரூபாய் 37.5 காசு வருகிறது. அந்த அரைக் காசை எங்கே முழுமையாக்குவது? தினமும் முழுமையாக்கிக் கூட்டினால் ஒரு தொகை, மாதக் கடைசியில் ஒரே முறை முழுமையாக்கினால் வேறு தொகை. விவசாயி கையில் உள்ள எடைச் சீட்டுகளை அவர் கூட்டிப் பார்ப்பார். எது என்று ஒருமுறை முடிவு செய்து, சீட்டிலும் அதே முறையில் அச்சிடுங்கள். வங்கிக்குப் போகும் தொகையைக் காசில் முழு எண்ணாக வையுங்கள். தசம எண் வகையில் வைத்தால் ஆயிரம் பேரின் கூட்டுத்தொகை கோப்பின் தலைப்பில் எழுதிய மொத்தத் தொகையோடு ஒரு காசு ஒட்டாமல் போய், வங்கி முழுக் கோப்பையும் தள்ளிவிடலாம்.

இணைப்பில் மூன்று வகை. நெட்பேங்கிங்கில் கோப்பு ஏற்றுவது, கோப்பை சர்வர் வழியாக வங்கிக்குத் தானாக அனுப்புவது, ஒவ்வொரு கட்டளையாக ஏபிஐயில் அனுப்புவது. இருநூறு முந்நூறு பேருக்கு மாதம் ஒருமுறை பணம் கொடுக்கும் பேக்டரிக்கு ஏபிஐ தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. எங்கள் பிழைப்பில் நாங்களே மண் போடுவது போலிருந்தாலும் உண்மை அதுதான். கோப்பு ஏற்றுங்கள். பதில் கோப்பை மென்பொருளில் இறக்குங்கள். ஒருவர் ஏற்ற, இன்னொருவர் ஒப்புதல் தரட்டும். ஏபிஐதான் வேண்டும் என்றால் வங்கி நிலையான ஐபி முகவரி (இணையத்தில் நம் கணினியைக் காட்டும் எண்) கேட்கும், இரு பக்கமும் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் கேட்கும். மலையில் கிடைக்கும் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஐபி நிலையாக இருக்காது. அதனால் சென்னையிலோ மும்பையிலோ ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, வங்கியோடு பேசுவது அது மட்டும் என்று வையுங்கள். பேக்டரியில் கரண்ட் போனாலும் நிலை கேட்கும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். சான்றிதழ் காலாவதி ஆகும் தேதியை முப்பது நாள் முன்பே நினைவூட்டும்படி செய்யுங்கள். பட்டுவாடா நாளன்று எதுவுமே போகவில்லை, நேற்றுவரை நன்றாக ஓடியது என்ற அழைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தேதி இருக்கும். வங்கி தரும் சோதனைத் தளத்தை அதிகம் நம்பாதீர்கள். அங்கே எல்லாக் கட்டளையும் வெற்றிதான், மழையே பெய்வதில்லை. தாமதம், பதில் வராமை, முதலில் வெற்றி பிறகு திரும்பல் என்று தரும் ஒரு போலி வங்கியை நாமே எழுதிச் சோதிக்க வேண்டும்.

தினமும் காலையில் முந்தின நாள் கணக்கு அறிக்கையை இறக்கி ஒப்பிட வேண்டும். தொகையை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே தொகை பத்துப் பேருக்குப் போயிருக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி அடையாள எண்ணான யுடிஆர் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். நெஃப்ட்டுக்கு 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22, ஐஎம்பிஎஸ்ஸுக்கு 12 இலக்கம். தேதியும் கை கொடுக்காது. இரவு 11.50-க்குப் போன கட்டளை மறுநாள் தேதியில் நிற்கும். திரும்பிய பணம் அறிக்கையில் புதிய வரவாக வரும், விவரத்தில் பழைய யுடிஆர் இருக்கும். அதை ‘இதர வருமானம்’ என்று எழுதிவிட்டால் விவசாயிக்குக் கொடுக்க வேண்டியது புத்தகத்திலிருந்தே மறைந்துபோகும். விவரப் பகுதியை வங்கிகள் வெட்டிவிடுவதால் நம் எண்ணை அதன் தொடக்கத்திலேயே வையுங்கள்.

கொடைக்கானல், ஊட்டி விடுதிகளுக்கு இது தலைகீழ். அங்கே பணம் உள்ளே வருகிறது, விதி அதேதான். விருந்தினர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. பணம் வந்ததும், ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் நம் சர்வருக்கு அனுப்பும் தகவலின் டிஜிட்டல் கையொப்பத்தை, வந்த வடிவம் மாறாமல் சரிபார்க்க வேண்டும். அதே தகவல் இரண்டு மூன்று முறை வரும், வரிசை மாறியும் வரும். ஏப்ரல், மே சீசனில் அறை ஒன்றுக்கு இரண்டு பேர் சண்டை போடுவது பெரும்பாலும் இதைச் சரியாகக் கையாளாததால்தான். தொகையும் நாம் கேட்ட தொகைதானா என்று பார்க்க வேண்டும். கட்டியவர் கணக்கில் பற்றாகி விடுதிக்கு உறுதி வராத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். அதைச் சொல்லி அனுப்பும் ஒரு வரியை மென்பொருளிலேயே தயாராக வைத்திருங்கள். பத்து விடுதிகளின் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்காரரிடம் போகாதீர்கள். அது ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை. 2020 மார்ச்சிலேயே விதி வந்துவிட்டது.

விவசாயிக்கு ஒன்று செய்யலாம். கொள்முதல் மையத்தில் ஒட்டும் மாதப் பட்டியலிலோ அவர் கையில் தரும் சீட்டிலோ யுடிஆர் எண்ணையும் அச்சிடுங்கள். ‘அனுப்பிவிட்டோம்’ என்ற வாய்வார்த்தையை வைத்து வங்கிக் கிளையில் ஒன்றும் தேட முடியாது. அந்த எண் இருந்தால் தேடிவிடலாம்.

புதிதாக மென்பொருள் வாங்கும் பேக்டரி, பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். உண்மையான கணக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியதும் கணினியின் இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். திரையில் ‘தோல்வி’ என்று வருகிறதா, ‘தெரியவில்லை’ என்று வருகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேபிளைச் செருகி, மறுபடி அனுப்ப முயலுங்கள். மறுநாள் அறிக்கையில் ஒரு ரூபாய் பற்று ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த மென்பொருளை வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு மென்பொருள் எழுதும் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.